குழலூதிய துப்பாக்கி

கேரிகன் ஓடை என்ற ஊரில் மழை பெய்யாத நாள் என்று ஒன்று வந்துவிட்டால், என்ன கெடுதல் வரப்போகிறதோ என்று ஊரே வானத்தை அண்ணாந்து பார்க்கும். அப்படி மழை பெய்யாத ஒரு நாளில்தான் கிளாரி அந்தச் சபதத்தைச் செய்தான்.

“இந்த வருஷம் கலைமான் கத்துற காலத்துல நானும் மலைக்குப் போறேன். பெரிய கொம்பா ஒண்ணு கொண்டாந்து, இதோ, இந்த அடுப்புக்கு மேல மாட்டுறேன். பாத்துக்க!”

சபதத்தைக் கேட்டவர்கள் இருவர். ஒன்று பூனை. அது எழுந்து போய்விட்டது. இன்னொன்று அவன் மனைவி நோலீன். அவளுக்கு அந்த வசதி இல்லை, கையெல்லாம் மாவு.

“மலைக்கு அப்புறம் போகலாம். முதல்ல சலவைக் கொட்டகைக்குப் போ. உன் துப்பாக்கி அங்கதான் துருப்பிடிச்சுத் தொங்குது. எடுத்துத் துடை.”

கிளாரி மர அறுவை மில்லில் வேலை பார்ப்பவன். போன வசந்தத்தில் ஒரு பண்ணை ஏலத்தில் அந்தப் பழைய ராணுவத் துப்பாக்கியை எடுத்தான். இரண்டொரு தடவை முயல் சுட்டான். முயல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு கொல்லைப்புறத்துச் சலவைக் கொட்டகையில், நோலீன் துணி வேகவைக்கும் கொப்பரைக்கு நேர் மேலே, ஆணி அடித்து மாட்டினான். அதோடு மறந்தான். கொப்பரை கொதிக்கக் கொதிக்கத் துப்பாக்கி ஆவி குடித்தது. துப்பாக்கி இருந்தது, அதைத் துடைக்கத்தான் ஐயாவுக்குத் துப்பு இல்லை.

நோலீனுக்கு அது பொறுக்கவில்லை. அவள் அப்பா அரசாங்கத்துக்காக மலைமலையாக அலைந்து, பெருகிப்போன மான்களைச் சுட்டுக் குறைத்தவர். தாயில்லாத நோலீன் அவர் கூடாரத்தில் வளர்ந்தவள். அவள் சுட்டால், தான் செத்துப்போனது மானுக்கே தெரியாது என்பார்கள். அதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னால். அப்புறம் அவள் கைக்குக் கிடைத்தது மாவுக் கிண்ணமும் துணி பிழியும் உருளையும்தான்.

“எங்கப்பா துப்பாக்கியைத் துடைக்காம சாப்பாட்டுக்கு உக்கார மாட்டாரு.”

“உங்கப்பாவுக்கு அது பொழப்பு. எனக்குப் பொழுதுபோக்கு.”

“பொழுதுதான் போகுது, துரு போகலையே! குழலுக்குள்ள என்ன இருக்கோ ஏது இருக்கோ. கோடை பூராவும் சொல்லிட்டேன். இந்தச் சனிக்கிழமைக்குள்ள நீ துடைக்கல, மிக் கிட்ட தூக்கிக் குடுத்துடுவேன். அவனாவது துடைப்பான்.”

மிக் கில்லூலி அடுத்த வீட்டுக்காரன். வருஷா வருஷம் மலைக்குப் போகும் வேட்டைக் கூட்டத்துக்கு அவன்தான் தலைவன். அவனிடம் துப்பாக்கி போனால் கிளாரியின் கொம்பும் போச்சு, மானமும் போச்சு. துடைக்கலாம்தான். ஆனால் துடைப்பது வேலை. கிளாரிக்கு வேலையை விட யோசனை சுலபம்.

யோசித்தான். நோலீனுக்கு மான், பன்றி, மலை, வெள்ளம் எதிலும் பயமில்லை. செத்தவர்களிடம் மட்டும் பயம். மேட்டுக் கல்லறையைக் கடக்கும்போது சிலுவை போட்டுக்கொண்டு, பேச்சை நிறுத்திவிடுவாள். அவள் பேச்சை நிறுத்தக்கூடிய ஒரே இடம் என்பதால் கிளாரிக்கு அந்த இடம் நன்றாக நினைவிருந்தது.

“நோலீன், ஒண்ணு சொல்றேன், பயப்படாதே. நான் அந்தத் துப்பாக்கியைத் துடைக்காததுக்குக் காரணம் இருக்கு.”

“சோம்பேறித்தனம்.”

“இல்ல. டன்ஸ்டன்.”

“யாரு டன்ஸ்டன்?”

யார் டன்ஸ்டன் என்று கிளாரிக்கும் அந்த நொடிவரை தெரியாது. வாயில் வந்தது, சொல்லிவிட்டான். சொன்ன பிறகு கிழவர் தானாகவே வளர்ந்தார்.

“அந்தத் துப்பாக்கிக்குச் சொந்தக்காரரு. ஆத்துக்கு மேல ஒரு குடிசையில தனியாக் கிடந்த கிழவர். ஒரு நாள் வேட்டை முடிஞ்சு வந்து, துப்பாக்கியை மடியில வெச்சுத் துடைக்க உக்காந்தாரு. பாதி துடைச்சிருப்பாரு. உசிரு போயிடுச்சு. கண்டுபிடிச்சப்ப கையில துணி அப்படியே இருந்துச்சாம். மீதியைத் துடைக்க இன்னும் வர்றாரு, நோலீன். ஆத்துக் களிமண்ணோட வர்றாரு. பல்லைக் கடிச்சுக்கிட்டு முணுமுணுன்னு வர்றாரு. வேற ஆம்பளை அதைச் சொந்தம் கொண்டாடினா அவருக்கு ஆகாது.”

“நீ பாத்தியா?”

“இந்தக் கண்ணால! கொப்பரை மூடி மேல உக்காந்திருந்தாரு. தொப்பியோட.”

நோலீன் சிலுவை போட்டுக்கொண்டாள். மாவு நெற்றியில் ஒட்டியது. வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. கிளாரிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. டன்ஸ்டன் ஒரே நாளில் சாதித்ததைத் தன்னால் இத்தனை வருஷமாகச் சாதிக்க முடியவில்லையே!

கடைசியில் அவள் வாயைத் திறந்தாள். “சரி, துப்பாக்கியை யாரும் தொட வேண்டாம். ஆனா பேய் இருக்கிற கொட்டகையில நான் காலை வைக்க மாட்டேன்.”

“வைக்காதே.”

“அப்ப திங்கட்கிழமை துணி துவைக்கிறது நீதான்.”

துவைத்தான். வேறென்ன செய்வது? அந்தத் திங்கட்கிழமை மில்லுக்கு மத்தியானத்துக்கு மேல் வருவதாகச் சொல்லிவிட்டு, கொப்பரைக்குக் கீழே விறகைத் திணித்து, படுக்கை விரிப்புகளைக் கழியால் கிண்டினான். வெளியே மூடுபனி. ஆற்றிலிருந்து ஏறி வேலியைத் தாண்டி, ஜன்னல் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றது. கொட்டகைக்குள்ளும் ஆவி, வெளியிலும் ஆவி. தண்ணீர் சொட்டும் சத்தத்தைத் தவிர உலகத்தில் ஒன்றுமில்லை.

அப்போது துப்பாக்கி முனகியது.

முதலில் தன் வயிறு என்றே நினைத்தான். பிறகு கேட்டது, தலைக்கு மேலே. மெல்லிய, கிறீச்சென்ற முனகல். பல்லைக் கடித்துக்கொண்டு ஒருத்தர் வலியை அடக்குவது போல. ஏறியது, நடுங்கியது, நின்றது. கிளாரியின் கையில் கழி நின்றது. மூச்சும் நின்றது. மறுபடி ஆரம்பித்தது. சந்தேகமே இல்லை, குழலுக்குள்ளிருந்துதான். குழல் என்று பெயர் வைத்தவன் ஊதும் என்று தெரிந்தேதான் வைத்தானோ என்னவோ.

ஒரு அடி கிட்டே போனான். நின்றுவிட்டது. ஒரு அடி பின்னால் வந்தான். ‘ங்ஈஈஈ’ என்றது.

கிளாரி அடுக்களைக்குள் நுழைந்தபோது கழியும் கையோடு வந்திருந்தது. அதன் நுனியில் நோலீனின் உள்பாவாடை.

“என்னய்யா, ஊர்வலமா?”

“ஒண்ணுமில்ல. காத்தாட வந்தேன்.”

“முகம் வெளுத்திருக்கே. டன்ஸ்டன் வந்தாரா?”

“சேச்சே! அவரு எங்க...” என்று ஆரம்பித்து, “வந்தாரு, போயிட்டாரு” என்று முடித்தான். இல்லவே இல்லாத ஆள் வந்துவிட்டுப் போனதை வேறெப்படிச் சொல்வது? அதுதான் அவன் தொண்டையில் முள்ளாகக் குத்தியது. செத்துப்போனவன் பேயாக வந்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. பிறக்கவே பிறக்காதவன் எப்படி வருவான்?

அடுத்த சலவை நாளில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு துப்பாக்கியை அண்ணாந்து பார்த்தான். குழலின் வாயோரத்தில் களிமண். சாம்பல் நிறத்தில், ஈரமாக, சற்று முன்புதான் விரலால் அப்பியது போல. ஆற்றங்கரையில் கிடக்கிற அதே களிமண். ‘ஆத்துக் களிமண்ணோட வர்றாரு’ என்று சொன்னது யார்? அவனேதான். களிமண் என்ற வார்த்தை எதற்கு வாயில் வந்தது என்று அவனுக்கு இப்போதும் தெரியவில்லை.

கீழே கொப்பரை மூடிமேல் ஒரு சிலந்தி கிடந்தது. செத்ததென்று ஊதித் தள்ளப் போனான். சாகவில்லை. கால்களை மடக்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தது. ஒரே ஒரு காலின் நுனி மட்டும் மெதுவாகத் துடித்தது. உயிர் இருந்தது, அசைய முடியவில்லை. யாரோ அதைக் கட்டிப்போட்டுவிட்டு, இதோ வருகிறேன் என்று போனது மாதிரி. தொப்பியோடு கிழவர் உட்கார்ந்திருந்ததாக அவன் சொன்ன அதே மூடி.

அந்த வாரம் வீட்டில் இருவரும் பாதி பிழிந்த ஈரத் துணியே உடுத்தினார்கள்.

நோலீன் குறை சொல்லவில்லை. கேள்வி மட்டும் கேட்டாள். சாப்பாட்டு மேஜையில், ஆட்டுக்கறியை அவன் வாயில் வைக்கிற நேரம் பார்த்துக் கேட்டாள்.

“டன்ஸ்டன் எந்தப் பக்கம் பாத்து உக்காருவாரு, கிளாரி?”

“தெ... தெற்கே.”

“நம்ம படுக்கையறைப் பக்கமா!”

அன்று அவன் ஆட்டுக்கறியை முடிக்கவில்லை.

பொறுக்க முடியாமல் வேலிக்கருகே மிக்கைப் பிடித்தான். மிக் சிரிக்காமல் கேட்டான். கேரிகன் ஓடையில் பேய்க்கதைக்கு யாரும் சிரிப்பதில்லை, ஆளுக்கொன்று வைத்திருக்கிறார்கள்.

“இதுக்கா மாப்ளே பயப்படுற? தோட்டாவைப் போடு, வயல்ல நின்னு வானத்தைப் பாத்து ஒண்ணு விடு. எந்தப் பேயும் குழல் வழியாப் பறந்துடும். எங்க சித்தப்பா புகைபோக்கியில இருந்ததை அப்படித்தான் விரட்டுனாரு.”

“போயிடுச்சா?”

“புகைபோக்கியும் போயிடுச்சு.”

ஞாயிற்றுக்கிழமை காலை நோலீன் தேவாலயத்துக்குக் கிளம்பிய பிறகு, கிளாரி கண்ணை மூடிக்கொண்டு ஆணியிலிருந்து துப்பாக்கியை எடுத்தான். ஜில்லென்றிருந்தது. பின் வயலுக்கு நடந்தான். மூடுபனி முழங்கால் வரை கெட்டியாகவும் அதற்கு மேல் மங்கலாகவும் கிடந்தது. மாடுகள் கால் இல்லாமல் மிதந்தன. தோட்டாவைப் போட்டான். குழலின் பின்வாயை மூடும் போல்ட்டைத் தள்ளிப் பூட்டினான். கட்டையைத் தோளில் வைத்து, கன்னத்தை மரத்தோடு ஒட்டி, வானம் இருக்கவேண்டிய பக்கம் குழலைத் தூக்கினான்.

விரல் விசைமேல் படிந்தபோது, கன்னத்துக்குள் அது கேட்டது. காதில் இல்லை, எலும்பில். ‘ங்ஈஈஈ’ என்று மரத்தின் வழியாக ஏறி, அவன் பல்லில் வந்து நடுங்கியது.

“கிளாரி.”

பின்னால் பனிக்குள்ளிருந்து ஒரு குரல்.

“விசையிலேருந்து விரலை எடு.”

உரக்கச் சொல்லவில்லை. அதுதான் பயங்கரம். விரல் தானாக விலகியது. ஒரு கை அவன் தோளைச் சுற்றி வந்து போல்ட்டைத் திறந்தது. தோட்டா புல்லில் விழுந்தது. திரும்பிப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு நோலீன். தான் இல்லாத நேரத்தில் அவன் துப்பாக்கியை எடுத்துவிடுவானோ என்று பாதி வழியில் நினைப்பு வந்து திரும்பியிருக்கிறாள். அவள் துப்பாக்கியைத் தரையில் கிடத்திவிட்டு, ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். செத்தவர்களின் கல்லறையைக் கடக்கும்போதுகூட அவள் முகம் அப்படி வெளுத்து அவன் பார்த்ததில்லை.

“சுட்டிருப்பியா?” என்றாள்.

“பேயை விரட்டத்தான்...”

“வாயால சொன்னா உனக்கு ஏறாது. இல்ல?” என்று அவனைப் பார்த்தாள். பிறகு எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். குரல் மாறியிருந்தது. “டன்ஸ்டன் என்கிட்ட பேசினாரு, கிளாரி.”

கிளாரி புல்லில் கிடந்த துப்பாக்கியை விட்டு ஓர் அடி விலகினான். “எ... எப்ப?”

“வழியில. அந்த மேட்டுக் கல்லறைகிட்ட. பாதியில விட்ட வேலையை ஒழுங்கா முடிக்கிற வரைக்கும் அடங்க மாட்டாராம். அவரு செத்தவரு, அவரால துடைக்க முடியல. நீ துடைக்கணும். அவரு சொல்லச் சொல்ல நான் சொல்லுவேன்.”

அடுக்களை மேஜையில் பழைய போர்வையை விரித்தாள். அவன் துடைக்க, அவள் பக்கத்தில் நின்று, செத்தவருக்காகப் பேசினாள். செத்தவருக்கு வாய் அதிகமாகவே இருந்தது.

“முதல்ல தோட்டா இருக்கான்னு பாரு. கண்ணால மட்டும் பாக்காதே, விரலை விட்டும் பாரு. காலியா இருக்குன்னு தெரிஞ்சாலும் குழலை யாரு பக்கமும் திருப்பாதே. என் பக்கம் திருப்புறே. டன்ஸ்டனுக்குக் கோவம் வருது.”

“மன்னிச்சுக்கங்க” என்றான் கிளாரி, காலி நாற்காலியைப் பார்த்து.

“போல்ட்டைக் கழட்டு. பின்பக்கமா குழலுக்குள்ள கண்ணை வெச்சு ஜன்னலைப் பாரு. வெளிச்சம் தெரியுதா?”

கண்ணை வைத்தான். இருட்டு. வெறும் இருட்டு இல்லை, அசைகிற இருட்டு.

“அடைச்சிருக்கு! உள்ள என்னமோ இருக்கு!”

“அதான். அடைச்ச குழல்ல சுட்டா, குண்டுக்கு வெளியே போக வழி கிடையாது. குழல் பிளந்து உன் மூஞ்சியில வரும். எங்கப்பாகிட்ட வேலை பாத்த ஒருத்தருக்குக் கையில மிச்சம் கட்டைவிரல் மட்டும்தான்.” அவள் குரல் ஒரு கணம் டன்ஸ்டன் குரலாக இல்லை. உடனே சரிசெய்துகொண்டாள். “...ன்னு சொல்றாரு. துடைக்கிற கம்பியைப் பின்பக்கத்துல இருந்து விடு. முன்பக்கத்துல இருந்து விட்டா வாய் தேயும். வாய் தேஞ்சா குறி தப்பும்.”

தள்ளினான். இடித்தது. மறுபடி தள்ளினான். போர்வைமேல் பொலபொலவென்று விழுந்தது: உலர்ந்த களிமண். அதற்குள் கால் மடக்கிய சிலந்திகள், ஒன்றன்மேல் ஒன்றாக. அவற்றின் நடுவே, வெள்ளை வெளேரென்று ஒரு கொழுத்த புழு, மெதுவாக நெளிந்தது.

கிளாரி நாற்காலிமேல் ஏறிவிட்டான்.

“கல்லறைப் புழு!”

“அவரு மனசுல இருந்த அழுக்கு” என்றாள் நோலீன், உதட்டைக் கடித்துக்கொண்டு. “இறங்கு. வெந்நி ஊத்து. பழைய ராணுவத் தோட்டா உப்பு விட்டுட்டுப் போகும், எண்ணெய்க்குப் போகாது, கொதிக்கிற தண்ணிக்குத்தான் போகும்.”

ஊற்றினான். உலர்த்தினான். கரி கரைக்கிற திராவகத்தில் துணித்துண்டை நனைத்து விட்டான்; கருப்பாக வந்தது. பித்தளைத் தூரிகையை விட்டான். மறுபடி துணி, பழுப்பாக வந்தது. மறுபடி, மறுபடி. தடவைக்குத் தடவை துணி வெளுத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒன்று போனபடியே வெள்ளையாக வந்தது. அதைக் கையில் பிடித்தபோது அவனுக்கே தெரியாமல் ஒரு சந்தோஷம் வந்தது. பிறகு எண்ணெய், ஒரே ஒரு பூச்சு. தாராளமாக ஊற்றப் போனவன் கையை டன்ஸ்டன் தடுத்தார்: “ஊறுகாயா போடுற? துடைச்சு எடு. சுடறதுக்கு முன்னாடி குழல்ல எண்ணெயே இருக்கக் கூடாது.” மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய். இரும்பின் வெளியே இருந்த துருவை மெல்லிய எஃகு நாரால் தேய்த்தான்.

“இனிமே ஆவி படற இடத்துல மாட்டக் கூடாதாம். படுக்கையறை அலமாரியில வைக்கணுமாம்.”

“நம்ம படுக்கையறையிலயா!”

“சுத்தமா இருந்தா அவரு வர மாட்டாரு. அழுக்கா இருந்தா தலைமாட்டுல உக்காருவாரு.”

பிறகென்ன? கேரிகன் ஓடையில் அந்த இலையுதிர்காலத்தில் கிளாரியைப் போலத் துப்பாக்கி துடைத்தவன் கிடையாது. சுடாத துப்பாக்கியைத் துடைத்தான். மழை பெய்தால் துடைத்தான். பெய்யாவிட்டால் சந்தேகத்துக்குத் துடைத்தான். குழலுக்குள் பார்த்தால் ஜன்னல் வட்டமாக, வெள்ளிக் காசாக மின்னியது. முனகல் நின்றது. துணி துவைப்பது மட்டும் நிற்கவில்லை. “கொட்டகையில அவரு வாசனை இன்னும் இருக்கு” என்றாள் நோலீன்.

மலையில் கலைமான்கள் கத்த ஆரம்பித்தன. அடிவயிற்றிலிருந்து வருகிற சத்தம்; காடே இருமுவது போல. முதல் கத்தல் கேட்ட மாலை, நோலீன் பிசைந்த மாவில் கையை வைத்தபடி அப்படியே நின்றாள். அடுப்பில் பால் பொங்கியது அவளுக்குத் தெரியவில்லை. கிளாரி பார்த்தான், ஏதோ கேட்க நினைத்தான், பால் தீய்ந்ததில் மறந்துபோனான்.

கிளம்பும் நாள் காலையில் மிக்கின் லாரி வாசலில் உறுமியது. கிளாரி பை கட்டியாகிவிட்டது. ஒரு காலுறை மட்டும் சலவைக் கொட்டகையில் காய்ந்துகொண்டிருந்தது. எடுக்கப் போனான். கதவில் கையை வைத்தான்.

‘ங்ஈஈஈ.’

துப்பாக்கி படுக்கையறையில். இங்கே யார்? சத்தம் கதவுக்குள்ளிருந்து வந்தது. சாவித் துவாரத்திலிருந்து. ஓடத்தான் நினைத்தான், கால் வரவில்லை. அதனால் பார்க்க வேண்டியதாகிவிட்டது. துவாரத்திலிருந்து ஒரு சின்னக் கருப்புக் குளவி பின்புறமாக வெளியே வந்தது. பறந்து போனது. வாயில் ஒரு உருண்டை ஈரக் களிமண்ணோடு திரும்பி வந்தது. துவாரத்துக்குள் தலையை விட்டு, மண்ணை அப்பிக்கொண்டே பாடியது.

கிளாரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். களிமண். சிலந்தி. புழு. முனகல். எல்லாம், குஞ்சுப் புழுவுக்கு இரையாகச் சிலந்தியைக் கொட்டி மண்கூட்டில் அடைக்கிற, ஒரு கட்டைவிரல் நீளமில்லாத கொத்தனார் பூச்சி!

காலுறையை விட்டுவிட்டு ஓடினான். “நோலீன்! நோலீன்! பேயும் இல்ல, பிசாசும் இல்ல! டன்ஸ்டன்னு ஒருத்தன்...”

அங்கேயே நின்றான். வாசலில் மிக்கும் மில் ஆட்களும் லாரியிலிருந்து அவனைப் பார்த்தார்கள். படியில் நோலீன் நின்றாள். அவள் அப்பாவின் பழைய மழைக்கோட்டு அவள் தோளில் இருந்தது. கையில் துப்பாக்கி. போல்ட் கழற்றி, குழலைத் தரையைப் பார்க்கப் பிடித்திருந்தாள், அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

“சொல்லு கிளாரி. டன்ஸ்டன்னு ஒருத்தன்?”

ஆட்கள் காத்திருந்தார்கள். டன்ஸ்டன் இல்லை என்றால், கொப்பரை மூடிமேல் தொப்பியோடு பார்த்தது யாரை? துப்பாக்கி துடைக்கச் சோம்பல்பட்டு ஒரு கிழவரைப் பெற்றெடுத்து, அப்புறம் ஒரு குளவிப் புழுவுக்குப் பயந்து நாற்காலி ஏறிய கதை மில்லில் எத்தனை வருஷம் ஓடும்?

“...ஒருத்தர். இருந்தாரு. நல்ல மனுஷன்.”

“இருந்தாரா, இருக்காரா?”

“இருக்காரு.”

“அதான் பாத்தேன். நீதானே சொன்னே, வேற ஆம்பளை சொந்தம் கொண்டாடினா அவருக்கு ஆகாதுன்னு? கேட்டுப் பாத்தேன். நீ துடைக்கலாமாம், சுடக்கூடாதாம். நான் பொம்பளை, எனக்குத் தடையில்லையாம்.”

“நோலீன், அது வந்து... அந்தக் குளவி...”

“என்ன குளவி?” என்றான் மிக்.

“ஒண்ணுமில்ல.”

நோலீன் லாரியில் ஏறினாள். ஏறும்போது அவள் முகத்தைப் பார்த்தான் கிளாரி. தான் கல்யாணம் செய்துகொள்வதற்கு முன்பிருந்த ஒருத்தியின் முகம். தன்னை அறியாமல் கையசைத்தான்.

மூன்றாம் நாள் அந்தியில் லாரி திரும்பியது. ஓடைப் பாலத்தில் வரும்போதே கொம்பு தெரிந்தது. அந்த வருஷத்தில் அத்தனை பெரிய கொம்பு வேறு யாருக்கும் கிடைக்கவில்லை. ஆட்கள் நோலீனைப் பற்றிப் பேசிக்கொண்டே இறங்கினார்கள். ஒரே குண்டு. மூடுபனியில். காற்று எதிர்த்து அடிக்கும்போது. கிளாரி கேட்டான், பெருமையாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது, எது எவ்வளவு என்று அவனுக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

நோலீன் துப்பாக்கியை அவன் கையில் வைத்தாள். மழையில் நனைந்து, கரி படிந்திருந்தது. அவள் பின்னாலிருந்து மிக்கும் தன் துப்பாக்கியை நீட்டினான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன்.

“உன்னை மாதிரி துடைக்க ஆளே இல்லைன்னு நோலீன் சொன்னா மாப்ளே. தொந்தரவு இல்லையே?”

கிளாரி கையில் துப்பாக்கிக் கட்டோடு அவளை ஒதுக்குப்புறமாக அழைத்துப் போனான். குரலைத் தாழ்த்தினான்.

“நோலீன், உண்மையைச் சொல்லு. இந்த டன்ஸ்டன் எப்பத்தான் போவாரு?”

நோலீன் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“போறதாத்தான் இருந்தாரு, கிளாரி. நீ துணி வெளுக்கிற அழகைப் பாத்துட்டு இங்கேயே தங்கிட்டாரு.”